டோர்ட்டியா மேல் கை வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: லத்தினா (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்களுக்கு ஒரு வார உணவுப் பட்டியல் அனுப்ப முடியுமா? (மாணவி, ஹூஸ்டன்)

எந்த நாட்டுப் பெண்கள் என்று எழுதவே இல்லையே! மெக்சிகோ வீட்டில் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி, டொமினிக்கன் வீட்டில் மசித்த வாழைக்காய், எல் சால்வடோர் வீட்டில் புபுசா என்ற, உள்ளே பூரணம் வைத்த தடித்த ரொட்டி. நோயும் ஒரே அளவில் இல்லை. 2008-ல் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ நகரங்களில் சுமார் 16,000 பேரிடம் தொடங்கிய ஆய்வில், தென்னமெரிக்க வம்சாவளியினரில் 100-க்கு 10 பேருக்குச் சர்க்கரை நோய். மெக்சிகோ வம்சாவளியினரில் 18 பேருக்கு. முதலில் அவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியல் அப்புறம்.

கே: எங்கள் முகாமில் டோர்ட்டியா, பீன்ஸை நிறுத்திவிட்டு கேல் கீரை சாலட், கீன்வா தானியம் சாப்பிடச் சொல்கிறோம். யாரும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்? (தன்னார்வலர், சான் ஹோசே)

அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. சோள டோர்ட்டியா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவில் சுடுவது. கால்சியம் கூடுகிறது, நியாசின் உடம்பில் சேருகிறது. சிறிய சோள டோர்ட்டியா 50, 60 கலோரிதான். பெரிய மைதா டோர்ட்டியா 200-ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் விலக்கினால் யார் கேட்பார்கள்? தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு உதவி தரும் அரசின் விக் (WIC) திட்டமே 2009-ல் சோள டோர்ட்டியாவை முழுதானியமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

பீன்ஸை ஏன் எடுக்கிறீர்கள்? நார்ச்சத்து, புரதம், மலிவு மூன்றும் அதில் உண்டு. பன்றிக் கொழுப்பில் வறுத்து மசிப்பதற்குப் பதில், பானையில் பூண்டு, வெங்காயம் போட்டு வேகவைக்கச் சொல்லுங்கள், போதும். அமெரிக்காவில் வருஷங்கள் கூடக்கூட இவர்கள் தட்டில் பீன்ஸ் தானாகவே குறைகிறது. நீங்களும் சேர்ந்து குறைக்க வேண்டாம்.

என் வகுப்புக்கு வந்த ஓர் அம்மா, டோர்ட்டியா கூடாது என்று யாரோ சொன்ன நாள் முதல், வீட்டாருக்குச் சுட்டுப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். இரண்டு டோர்ட்டியா, ஒரு கரண்டி பீன்ஸ், வதக்கிய நோபால் (சப்பாத்திக்கள்ளி மடல்) என்று மாற்றிக் கொடுத்தேன். இப்போது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

கே: முதல் வாரம் 15 பேர், மூன்றாம் வாரம் 4 பேர். ஆர்வமே இல்லையா? (டல்லாஸ்)

செவ்வாய் காலை 10 மணிக்கு வகுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வேலையில் இருக்கும் நேரம் அது. மாலையில், தேவாலயக் கூடத்திலோ பள்ளியிலோ வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். எந்த நேரம் வசதி என்று முதலில் கேட்டிருக்கலாம்.

கே: புரோமோத்தோராவுக்கு (அதே சமூகத்திலிருந்து வரும் நலப் பணியாளர்) பட்டம் இல்லையே, பாடம் எடுக்க விடலாமா?

தாராளமாக. எந்தக் கடையில் தக்காளி மலிவு, யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று அவருக்குத் தெரியும். பயிற்சி கொடுங்கள், சம்பளமும் கொடுங்கள். இன்சுலின், மாத்திரை அளவை மட்டும் அவர் தொடக் கூடாது. நீங்களும்தான்.

கே: வீட்டில் செய்த ஹோர்ச்சாட்டா (அரிசியில் செய்யும் இனிப்புப் பானம்) சோடாவைவிட நல்லதுதானே?

எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கேன் சோடாவில் சுமார் 10 டீஸ்பூன்.

கே: 2025-ல் ஸ்நாப்-எட் (உணவு உதவி பெறுவோருக்கான அரசின் சத்துணவுக் கல்வித் திட்டம்) நிதி நின்றுவிட்டது. இனி எங்கே போவது?

உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில், அதாவது பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 1969 முதல் நடக்கும் எஃப்னெப் (EFNEP) சத்துணவு வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள். போகும்போது வகுப்புக்கு வரும் பெண்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போங்கள்.