கன்சம்ப்ஷன் என்றால் காசநோயா?

அண்ணாச்சி,

சனிக்கிழமை சாயங்காலம் நீங்களும் மகளும் மும்பை சயானில் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியாகப் படவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நீங்கள் கவலைப்படுகிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு.

மகள் படித்தது பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளியில், தமிழ் வழி. இப்போது லெவன்த் காமர்ஸ், எல்லாமே இங்கிலீஷ். முதல் யூனிட் டெஸ்ட்டில் எக்கனாமிக்ஸ் 25-க்கு 6. உடனே தாணே மச்சான் ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸைச் சொல்கிறார், 38,000 ரூபாய். இல்லையென்றால் காமர்ஸையே விடச் சொல்கிறார்.

இரண்டுமே வேண்டாம். நீங்கள் போன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில் உங்கள் மகள் என்னிடம் இங்கிலீஷில் பேசினாள், பியூனிடம் மராத்தியில் பேசினாள். இலக்கணம் அங்கங்கே தட்டியது, ஆனால் கூச்சமே இல்லை. தாராவியில் வளர்ந்த பிள்ளைக்கு நாக்கு எதற்கும் வளையும். அந்தக் கோர்ஸில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் ஓட்டலில் ஆர்டர் கொடுக்கவும் சொல்லித்தருவார்கள். அதற்கும் அந்த 6 மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

அவளுடைய எக்கனாமிக்ஸ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் பென்சிலில் தமிழ் அர்த்தம், பாவம், அவ்வளவு உழைப்பு. 'கேபிடல்' மேலே 'தலைநகரம்'. 'இன்ட்ரஸ்ட்' மேலே 'ஆர்வம்'. 'கன்சம்ப்ஷன்' மேலே 'காசநோய்'! உங்கள் அப்பா காலத்து அகராதி என்றாள். அகராதி பொய் சொல்லவில்லை, இங்கிலீஷில் அந்த நோய்க்கு அப்படியும் பெயர் இருந்தது. ஆனால் பொருளாதாரத்தில் அது நுகர்வு. கேபிடல் மூலதனம், இன்ட்ரஸ்ட் வட்டி. இந்த மூன்றையும் தப்பாக வைத்துக்கொண்டு படித்த பிள்ளை 6 வாங்கியதே பெரிது.

பேப்பர் படி, படம் பார் என்று எல்லாரும் சொல்வதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நம் ஆட்களுக்கு மட்டும் கிடைத்திருக்கிற ஒரு வசதி இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் பதினொன்றாம் வகுப்புப் பொருளியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறது. அதே பாடம், அதே வரிசை. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இரண்டாம் பாடத்தின் தலைப்பே 'நுகர்வுப் பகுப்பாய்வு'தான். முதலில் தமிழில் ஒரு பக்கம், பிறகு அதே பக்கம் இங்கிலீஷில். 'யுடிலிட்டி'க்குப் பக்கத்தில் 'பயன்பாடு', 'மார்ஜினல்' இருக்கிற இடத்தில் 'இறுதிநிலை', 'டிமாண்ட்' என்றால் 'தேவை'. நம் மகாராஷ்டிரா போர்டு பாட வரிசை வேறுதான். ஆனால் சொல் மாறாது, அடுத்த வருஷம் பன்னிரண்டில் அவளுக்கு வரப்போவதும் இதே சொற்கள்தான்.

இது பாடச் சொல். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் வேறொன்று: 'அஸ்யூம்', 'டெரைவ்' (வருவி), 'கான்ஸ்டிட்யூட்' மாதிரி, எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாமல் எல்லாப் பாடத்திலும் வருகிற சொற்கள். வகுப்பில் இவற்றுக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை, தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் சுமார் 35 லட்சம் சொல் கொண்ட கல்லூரிப் பாட எழுத்துகளை அலசி, 2000-ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களைப் பட்டியல் போட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறை பார்த்ததில் இவை அதிகம் வந்தது வணிகத்தில்தான், நூற்றுக்குப் பன்னிரண்டு. காமர்ஸ் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? தினம் 5 என்றால் 114 நாள். கால்வாசி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. 'வேரி' தெரிந்தால் 'வேரியபிள்', 'வேரியேஷன்', 'வேரியன்ஸ்' எல்லாம் கூடவே வரும். தமிழிலும் அப்படித்தானே: மாறு, மாறி, மாறுபாடு, மாறிலி. கணக்குப் பாடத்தில் மாறியும் மாறிலியும் படித்தவளுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பிரஸ்ஸில் வெட்டிப் போடுகிற கார்டுத் துண்டு ஒரு கட்டு வாங்கிக் கொடுங்கள். முன்பக்கம் அவள் புத்தகத்திலேயே வருகிற ஒரு வாக்கியம், அந்தச் சொல் இருக்கும் இடம் மட்டும் கோடு. பின்பக்கம் சொல், அதன் குடும்பம், தமிழ் அர்த்தம் ஒன்றே ஒன்று. மூன்று டப்பா. முதல் டப்பாவைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன கார்டு அடுத்த டப்பாவுக்கு ஏறும், தப்பினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். ஜெர்மனியில் லைட்னர் என்பவர் எழுபதுகளில் பரப்பிய முறை இது. இடைவெளி எதற்கு என்று கேட்பீர்கள். இட்லி வியாபாரம் செய்கிற நீங்களே அரைத்த மாவை அப்போதே தட்டில் ஊற்றமாட்டீர்களே! மறக்கப்போகிற நேரத்தில் திரும்ப எடுக்கிற சொல்தான் நிற்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டை நஷ்டத்தில் எடுத்து அந்த 38,000 கட்டப்போவதாகச் சொன்னீர்கள். கூடாது. நாளைக்கு அவள் டிகிரிக்கும் சிஏ பவுண்டேஷனுக்கும் ஆகிற செலவுக்கு அது இருக்கட்டும். காமர்ஸை விடுகிற பேச்சையும் மச்சானோடு முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் இட்லிக் கடன் நோட்டை மூன்று வருஷமாக அவள்தானே எழுதுகிறாள்? எந்தக் கடைக்கு எத்தனை தட்டு பாக்கி என்று பார்க்காமலே சொன்னாளே. புக் கீப்பிங்கில் அவளுக்கு 25-க்கு 21 என்பதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. அவள்தான் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள், கூட்டிக்கொண்டு வரவேண்டாம். கையில் மூன்று காலி ஸ்வீட் டப்பாவும் எக்கனாமிக்ஸ் புத்தகமும் இருந்தால் போதும். ரப்பர் நான் வைத்திருக்கிறேன், முதலில் அந்தக் காசநோயை அழிக்க வேண்டும்.