விமானத்தில் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கனடாவிலிருந்து வரும் மருமகன் சைக்கிளும் கொண்டுவருகிறார். ரயரின் காற்றை முழுவதும் திறந்துவிடாவிட்டால் வானத்தில் வெடிக்குமாமே? (சாவகச்சேரி)

வெடிக்காது. பொதிகள் வைக்கும் அறையிலும் காற்றழுத்தம் பேணப்படுகிறது. தரையைவிட 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுதான் குறையும். ஆனாலும் பல விமான நிறுவனங்கள் காற்றைக் குறைக்கச் சொல்கின்றன, ஆகவே பாதியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். முழுவதும் இறக்கினால் பெட்டி விழும்போது அடி நேரே ரிம்மில் படும்.

மட்டைப்பெட்டி எங்கே வாங்கலாம்? (சுன்னாகம்)

சைக்கிள் கடையில் முற்கூட்டியே சொல்லிவையுங்கள். புதுச் சைக்கிள் வந்த பெட்டி கிடைக்கும். கூடவே முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே செருகிவரும் பிளாஸ்டிக் துண்டையும் கேட்டு வாங்குங்கள். முன்சில்லைக் கழற்றியபின் அந்த 10 சென்ரிமீற்றர் இடைவெளி வெறுமையாக இருந்தால், மேலே ஒரு கனத்த பெட்டி ஏறியதும் போர்க் நெளிந்துவிடும். துண்டு கிடைக்காவிட்டால் அளவாக ஒரு மரக்கட்டை போதும். பெட்டியில் வைக்கப் பெடல்களையும் கழற்றவேண்டும். இடது பெடலின் புரி எதிர்ப்புறமானது: வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் பலங்கொண்டு இறுக்கிவிட்டு வருவோர் பலர்.

அப்பாவின் பழைய றலி சைக்கிளை மெல்பேர்ணுக்குக் கொண்டுபோக ஆசை. முடியுமா? (கோப்பாய்)

முடியும், கட்டாயம் கொண்டுபோங்கள். முதல் வேலை கழுவுவது. மண் ஒட்டிய சைக்கிளை அவுஸ்திரேலியத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் விடமாட்டார்கள். கோப்பாய்ச் செம்மண் மட்காட்டின் உட்புறத்திலும் செயின் பெட்டிக்குள்ளும் காய்ந்து இறுகியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் இடுங்கள். அடுத்தது கம்பி பிரேக், அதாவது வயருக்குப் பதில் இரும்புக் கம்பிகள் இழுக்கும் பழைய வகை. ஹாண்டிலைக் கழற்றுமுன் கம்பிகளை இணைக்கும் நட்டுகள் நிற்கும் இடத்தை நகப்பூச்சால் குறியிடுங்கள். சற்றுப் பிசகினாலும் பிரேக் கட்டை ரிம்மில் உரசும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. அங்கே கம்பி பிரேக் பூட்டத் தெரிந்தவரைத் தேடுவது சிரமம். பெட்டியும் சேர்த்து 32 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

மின்சைக்கிள்? (நல்லூர்)

பற்றறியோடு முடியாது. பயணிகள் கொண்டுபோகக்கூடிய உச்சம் 160 வாட்மணி (பற்றறி தேக்கும் மின்சக்தியின் அளவு). மின்சைக்கிள் பற்றறிகள் பெரும்பாலும் 300ஐத் தாண்டும்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே நேராகக் கொண்டுவரலாமா? (மானிப்பாய்)

அந்த வழியில் பறப்பது ஏ.ரி.ஆர். 72, சிறிய விமானம். பொதியறையும் சிறியது. ரிக்கெட் எடுக்குமுன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்காவுக்கு வரும் பெரிய விமானங்களில் இந்த நெருக்கடி குறைவு. ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை பஸ்ஸிலோ வான் வண்டியிலோ பெட்டியை ஏற்றவேண்டும். எதுவானாலும் அனுமதியை எழுத்தில் வாங்கி, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.