பிரிட்டிஷ்காரர்கள் குடிக்கிற மாதிரி நல்ல டீ போடுவது எப்படி?

யாரோ கொண்டுவந்து கொடுத்த யார்க்‌ஷயர் டீ என்கிற பிரிட்டிஷ் டீ பைப் பெட்டியை வைத்துக்கொண்டு, எப்படிப் போட்டாலும் சாயத் தண்ணீராகத்தான் வருகிறது, இதையா வெள்ளைக்காரன் குடிக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். டிப் டீ மாதிரி நாலு முக்கு முக்கி எடுத்துவிட்டு, காய்ச்சிய பாலைச் சுடச்சுட ஊற்றியிருப்பீர்கள். அந்தப் பையில் நூலே இல்லையே, கவனித்தீர்களா? முக்கி எடுக்கிற சமாச்சாரமே இல்லை அது.

நான் மான்செஸ்டர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே பெரியவர்கள் மாத்திரையை மறந்தாலும் டீயை மறக்க மாட்டார்கள். தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி, குவளையை வாங்கியதும் குடிக்க மாட்டார், ஜன்னல் பக்கம் சாய்த்து நிறத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிடுவார். அவரிடமே நான் பாஸ், அந்தத் தெம்பில் சொல்கிறேன்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கணும், கொதித்த கையோடு பையின் மேலேயே ஊற்றணும், அப்புறம் நாலு நிமிடம் அதைத் தொடக்கூடாது. பிறகு ஒரு கலக்குக் கலக்கி, ஓரத்தில் லேசாக அழுத்திப் பையை எடுத்துவிட்டு, கடைசியாகப் பால். சுடு பால் இல்லை, ஃப்ரிட்ஜ் பால், அதுவும் இரண்டு ஸ்பூன் போதும். இங்கே பாதி கொழுப்பு எடுத்த பாலை அப்படியே ஊற்றுவார்கள். நீங்கள் காய்ச்சி ஆறவைத்து ஏடு எடுத்துவிட்டு ஊற்றுங்கள். செங்கல் நிறம் வந்தால் சரி.

பாலைத்தான் முதலில் ஊற்றணும், ஐஎஸ்ஓ 3103 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது என்று யாராவது கீழே வருவீர்கள். தெரியும். 1980-இல் வந்தது. அது தேயிலையை ருசி பார்த்து ஒப்பிடுகிறவர்களுக்கு, 100 மில்லிக்கு 2 கிராம் தூள், பாத்திரத்தில் ஆறு நிமிடம் ஊறவைத்துப் போடுவது. குவளையிலேயே பை கிடக்கும்போது பாலை முதலில் விட்டால் தண்ணீர் ஆறிப்போய் சாறே இறங்காது. இஞ்சி டீ மட்டமா என்றும் சண்டைக்கு வராதீர்கள், வீட்டில் நான் குடிப்பது அதுதான்.

போர் தண்ணீரில் போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்து மேலே படலம் கட்டும். லண்டனிலும் அதே தொல்லைதான், அதற்கென்றே கடினநீர் டீ தனியாக விற்கிறார்கள்.

எங்கள் இல்லத்தில் பாதுகாப்பு என்று சொல்லி கெட்டிலை எடுத்துவிட்டுச் சுவரில் வெந்நீர்க் குழாய் வைத்துவிட்டார்கள். அதில் தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. ஊழியர் அறையில் டீ போட்டு மூடி வைத்து எடுத்துப் போகிறேன், அதற்கும் முணுமுணுப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் அரை மணி இடைவேளைக்குச் சம்பளம் பிடிக்க மட்டும் மறப்பதே இல்லை, அந்த அரை மணியில் பெல் அடித்தால் எழுந்து ஓடுவது யாராம்?

சரி, சர்க்கரை உங்கள் இஷ்டம். பையை எடுத்த பிறகு போடுங்கள்.