கோலார் தங்கவயலில் வீடு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வர முடியுமா?

"சுரங்கம் மூடி செத்துப்போன ஊர், வீடு மலிவாகத்தானே கிடைக்கும்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடியது சுரங்கம். ஊரை யாரும் மூடவில்லை. நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இரண்டு வருடம் அங்கே ஒற்றை அறையில் இருந்துவிட்டுத் திரும்பினேன். இங்கே வீடு மலிவு என்பது உண்மை. ஊரிலேயே போதுமான வேலை இல்லாததுதான் காரணம். விலையில் மிச்சம் பிடிப்பதை ரயிலில் நேரமாகக் கொடுத்துவிடுவீர்கள். மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஆள் ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாக ஏறக்குறைய 85 கிலோமீட்டர் போகிறது. பதினோரு வருடம் நான்கு மணிக்கு எழுந்து அதில் போனேன். என் மகள் விழித்திருந்து நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எனக்குக் காட்டியது ஒரு லைன் வீடு. தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் இங்கே லைன் என்போம். தரகர் கேட்ட தொகையைக் கேட்டதும் அன்றைக்கே முடித்துவிடத் துடித்தேன். அம்மாவும் கூட வந்திருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அம்மா நேராகப் போய் அதைத் தூக்கினார். பின்னால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல். சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடும், சுவர் பிளக்கும். அம்மாவுக்கு அது பழகிய விஷயம்.

அப்புறம் தரகர் ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். இன்னார் இன்னாருக்கு வீட்டை விட்டுக்கொடுத்தார் என்று எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து, அவ்வளவுதான். "பேப்பர் கிடக்கட்டும், அடியில இருக்கிற நிலம் யாருதுன்னு கேளுடா" என்றார் அம்மா. அது சுரங்கத்து நிலம். அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களே தங்கள் பெயரில் பத்திரம் கேட்டு வருடக்கணக்காக அலைகின்றன. வெளியிலிருந்து வரும் நீங்கள் அந்தப் பேப்பரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஊரின் கடைத்தெருப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில், பதிவான சேல் டீடு (கிரயப் பத்திரம்), ஈசி (வில்லங்கச் சான்றிதழ்), இ-கத்தா (நகராட்சியின் சொத்துப் பதிவு) மூன்றும் சரியாக இருக்கிற வீடாகப் பாருங்கள். விலை கூடத்தான் இருக்கும். நான் கடைசியில் அப்படித்தான் வாங்கினேன். லைனில் இருப்பவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் பிறந்ததே லைனில்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "தங்கவயல் பெண்ணாச்சே, முப்பது பவுனாவது போடுவீங்க" என்றார்கள். அப்பா சாம்பியன் ரீஃபில் இறங்கியவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் அது. அங்கிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது நெஞ்சுக்குள் போன கல் தூசியைத்தான். அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே உள்ளறையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே தங்கம் எங்கே என்று கேட்பவர்களிடம் என்னால் இயல்பாகப் பேச முடிவதில்லை.

பெங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ்வே பக்கத்து ஊரான பேத்தமங்கலம் பக்கம் வந்ததிலிருந்து விலை ஏறிவிடும், சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்படாதீர்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் இங்கே குன்றுகளாக நிற்கிறது, சயனைடு மேடு என்போம். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வரும். அதனால் ஆடி மாதத்தில், காற்று பலமாக வீசும் நாளாகப் பார்த்து வாருங்கள். ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.