வைத்தியசாலைகளைப் பெருக்கினால் சிகிச்சையின் தரம் உயர்ந்துவிடுமா?

கட்டடங்களும் கட்டில்களும் தேவைதான். அவை மட்டும் போதா. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 2016இல் தகுந்த சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய 86 இலட்சம் மரணங்களில் ஏறத்தாழ 50 இலட்சம், சிகிச்சையை நாடி வந்தும் அது தரமாகக் கிடைக்காதவர்களுடையவை என்று 2018இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு கணக்கிட்டது.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், கிளினிக் நாளன்று கொழுந்து பறிக்கப் போகாத பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடைக்காது. பஸ் ஏறி டவுனுக்கு வந்து, வரிசையில் நின்று அவர் வாங்கும் பிரஷர் மாத்திரையின் உறையில் அளவு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் எழுதப்பட்டிருந்தால், தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியபின் எதை எப்போது விழுங்குவது என்று யாரிடம் கேட்பார்?

ஆகவே, வந்த நோயாளர்களை எண்ணுவதோடு நிற்காமல், அவர்களில் எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தமிழில் விளக்கிச் சொல்லும் தாதியும், வேலை முடியும் நேரத்தில் தோட்டத்துக்கே வரும் கிளினிக்கும் அந்த எண்ணிக்கையை உயர்த்தக்கூடியவை.