கட்சிக்காக எழுதும் தம்பிக்கு

அன்புள்ள அண்ணா,

நான் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாண அரசைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள். எங்கள் குடும்பத்திலும் இரண்டு பேர் அரசியல் எழுதுகிறார்கள். தம்பி டிஏ (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சிக்காரன். மாமா, நிறவெறி ஆட்சியை எதிர்த்த யூடிஎஃப் இயக்கத்தின் காலத்திலிருந்தே ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்). குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டாலும் சரி, தம்பிக்குக் காரணம் ஏஎன்சி. மாமாவைக் கேட்டால், கூட்டணிக்குள் டிஏ வந்த பிறகுதான் மாகாணத்தில் பணமே இல்லாமல் போனது என்பார்.

உங்கள் கட்டுரை ஒன்றைத் தம்பிக்குக் காட்டினேன். "நான் எந்தக் கட்சி என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். இவர் சொல்லாமல் எழுதுகிறார். யார் நேர்மையானவர்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்சி சார்பாக எழுதுவது தவறா? தவறு என்றால் தம்பியிடம் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. 2024 மே 29 தேர்தலில் நம் எல்லோர் கையிலும் மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். மாகாணச் சீட்டில் நான் ஒரு கட்சிக்குப் போட்டேன், தேசியச் சீட்டுகளில் வேறு கட்சிக்கு. ஏனென்றால் அந்தச் சீட்டுகள் கேட்ட கேள்விகள் வேறு. எனக்கும் சார்பு உண்டு. அரசுப் பள்ளியும் அரசு ஆஸ்பத்திரியும் நன்றாக நடக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பக்கம் நான். அதை மறைத்து எழுதியதில்லை.

கட்சி சார்பாக எழுதுவது தவறே இல்லை. நம் ஊரில் தமிழ்ப் பத்திரிகை பிறந்ததே சண்டைக்காரர்கள் கையில்தான். பி.எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்' தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. காந்தியோடு ஒத்துப்போகாத பத்திரிகை அது. ஐயர் தம் பக்கத்தை ஒருநாளும் ஒளித்து வைத்தவர் இல்லை. ஆனால் 3 பவுன் வரிக்கு எதிராக அவர் எழுதியதை நினைத்துப் பாருங்கள். 1895இல் நட்டால் போட்ட சட்டம் அது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் இங்கேயே தங்க விரும்பும் கூலி, வருஷத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். முதல் வருஷ ஒப்பந்தக் கூலிக்கு மாதம் 10 ஷில்லிங்தான் சம்பளம். அந்தக் கணக்கில் 3 பவுன் என்பது ஆறு மாதச் சம்பளம். 1903இல் பிள்ளைகளையும் அந்த வரிக்குள் இழுத்தார்கள்: 16 வயது ஆண்பிள்ளை, 13 வயது பெண்பிள்ளை.

இதில் தம்பி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வரியைப் போட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த நட்டால் ஆட்சி. 1910இல் மாகாணங்கள் சேர்ந்து தென்னாப்பிரிக்க யூனியன் வந்த பிறகு அதை எடுக்கும் அதிகாரம் நட்டாலின் கையில் இல்லை, யூனியன் பாராளுமன்றத்திடம் போய்விட்டது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல், அந்தப் பாராளுமன்றம்தான் வரியை நீக்கியது. 1912இல் ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் கோபம் நியாயமானதாகவே இருந்திருக்கும். வரி கட்டிய கூலிக்கு அதனால் ஒரு பென்னி மிச்சமாகியிருக்காது.

இன்றைக்கு நம்மிடையே கட்சிக்காக எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தீங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். எது யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்தே குழப்புகிறார்கள். குழாய்த் தண்ணீர், குப்பை, ரேட்ஸ் (சொத்துவரி) பில் எல்லாம் டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சி. போலீஸ் தேசிய அரசு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மாகாணம். சாலை என்றால் எந்தச் சாலை என்று கேட்க வேண்டும், என்2 நெடுஞ்சாலை ஒருவருடையது, உங்கள் தெரு வேறொருவருடையது. தம்பிக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே தண்ணீர் வராததை மாகாண அரசின் தலையில் கட்டினால், அதைப் படிக்கும் ஆயா அடுத்த மாநகராட்சித் தேர்தலில் யாரைக் கேள்வி கேட்பார்?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நாட்களில் எல்லோரும் பேசியது என்ன? அப்போதைய மாகாண முதல்வர் வீட்டுக்குத் தண்ணீர் லாரி போனது. போனது தவறுதான். அவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் உடைந்த நிலையம் மாநகராட்சியுடையது. அதைச் சரிசெய்ய யாரிடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள், ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று ஒவ்வொரு வாரமும் கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றில்லாமல் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் லாரிக் கதை போதுமானதாக இருந்தது. டொங்காட்டில் வாளி தூக்கிய பெண்களுக்கு அது போதவில்லை.

இனி மாமாவுக்கும் தம்பிக்கும் நடக்கும் சண்டைக்கு வருகிறேன், மாகாணத்தில் பணம் ஏன் இல்லை என்ற சண்டைக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2019 மாகாணத் தேர்தலில் மொத்தம் 80 இடங்களில் ஏஎன்சிக்கு 44. 2024இல் 14. முன்னாள் ஜனாதிபதி ஜுமாவின் எம்கே கட்சிக்கு 37, இன்காதா என்னும் ஐஎஃப்பிக்கு 15, டிஏவுக்கு 11, இஎஃப்எஃப்புக்கு 2, என்எஃப்பிக்கு 1. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ, என்எஃப்பி நான்கும் சேர்ந்தால் 41. எதிரில் 39. அந்த ஒரு என்எஃப்பி உறுப்பினரையும் சேர்த்துத்தான் ஐஎஃப்பியின் தாமி ந்துலி முதல்வரானார். நிதித்துறை டிஏவின் ஃபிரான்ஸ்வா ரோஜர்ஸிடம் போனது. கல்வி ஏஎன்சியின் சிபோ ஹ்லொமுகாவிடம், சுகாதாரம் அதே ஏஎன்சியின் நொமகுகு சிமெலானேவிடம்.

அதாவது பணத்தைப் பங்கிடும் துறை தம்பியின் கட்சியிடம், அதை அதிகமாகச் செலவழிக்கும் இரண்டு துறைகள் மாமாவின் கட்சியிடம். பள்ளிகளுக்கு வரவேண்டிய தொகை தாமதமானபோது, கல்வித்துறை நிர்வாகம் சரியில்லை என்று ஒரு பக்கம் எழுதினார்கள், நிதித்துறை கொடுக்கவில்லை என்று மறுபக்கம் எழுதினார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் இருவருமே தொடாத விஷயங்கள் உண்டு.

மாகாணம் தானாக ஈட்டும் வருமானம் மிகச் சொற்பம். வாகன உரிமக் கட்டணம், சூதாட்ட வரி, ஆஸ்பத்திரிக் கட்டணம், இப்படிச் சில. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மற்றதெல்லாம் தேசிய அரசிடமிருந்து வருகிறது. அதைப் பங்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், ஜனத்தொகையும் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதில் முக்கியம். நம் ஜனங்கள் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக்குப் போகப் போக, குவாசுலு-நட்டாலின் பங்கு சுருங்கிக்கொண்டே வருகிறது. அப்புறம் 2023இல் அரசு ஊழியர்களுக்கு 7.5 சதவீத ஊதிய உயர்வு. பேசி முடித்தது தேசிய அளவில். அதற்கான முழுப் பணம் மாகாணங்களுக்கு வரவில்லை. ஆசிரியரும் நர்ஸும் மாகாணச் சம்பளப் பட்டியலில் இருப்பதால், அந்தப் பள்ளம் மாகாணத்தின் மேல் விழுந்தது. இதெல்லாம் 2024 தேர்தலுக்கு முந்தைய கதை. கட்டணமில்லாப் பள்ளிகளுக்குத் தேசிய அரசு அறிவிக்கும் தொகையைவிடக் குறைவாகவே நம் மாகாணம் கொடுத்து வந்ததும் கூட்டணிக்கு முன்பிருந்தே நடக்கிறது. ஆகவே டிஏ வந்துதான் பணம் காலியானது என்று மாமா எழுதுவது சரியில்லை.

தம்பியும் தப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் ஏஎன்சிதான் காரணம் என்று எழுதும்போது, இன்றைக்கு மாகாண பட்ஜெட்டைத் தாக்கல் செய்பவர் தம் கட்சிக்காரர் என்பதை அவர் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்று நீங்கள் அனுப்பிய கட்டுரைகளைப் படித்ததும் தெரிந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் நன்றாக எழுதுகிறார், உழைத்து எழுதுகிறார். ஆட்சியில் பங்கிருக்கும் கட்சியின் ஆதரவாளர் எதிர்க்கட்சிக்காரர் போலவே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அந்தச் சுகம், கூட்டணி தன் முதல்வரைத் தேர்ந்தெடுத்த 2024 ஜூன் 14 அன்று முடிந்துவிட்டது. கட்சியைச் சொல்லிவிட்டு எழுதினால் போதும் என்கிறாரே, அது நேர்மையின் முதல் படி மட்டும்தான். தம் கட்சியின் கையில் இருப்பதையும் சொன்னால்தான் அது முழுசாகும்.

டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளின் பள்ளிகள் பலவற்றின் கதை இன்னும் வேறு. சுற்றுவட்டாரத்தின் ஏழ்மையை வைத்துப் பள்ளிகளை ஐந்து பிரிவாகப் பிரித்து, நம் பள்ளிகள் பலவற்றை வசதியானவை என்ற மேல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் பலர் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். கட்டணம் கட்ட வழியில்லை. பள்ளிக்கு அரசுத் தொகையும் குறைவு, பெற்றோர் பணமும் இல்லை. இந்தப் பிரிவை மாற்றச் சொல்லி கவர்னிங் பாடிகள் (பள்ளி நிர்வாகக் குழுக்கள்) மனு மேல் மனு போடுகின்றன. தம்பியும் மாமாவும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய இடம் இது. இதில் திட்டுவதற்கு வசதியாக ஒரே எதிரி கிடைக்காததால் இருவரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தம்பி ஒரு கட்டுரையில் எம்கே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி எழுதிய பத்தியை நான் இங்கே எடுத்துப் போட மாட்டேன். இந்த மாகாணத்தில் ஓட்டுப் போட்டவர்களில் 45 சதவீதம் பேர் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள். அந்தக் கட்சியின் கொள்கையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சிக்கட்டும். ஆனால் கட்சியைத் திட்டத் தொடங்கி, இரண்டாவது பத்தியில் 'அவங்க' என்று ஆகி, மூன்றாவது பத்தியில் ஒரு இனத்தையே பேசுவது வேறு. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த நாட்டில் 350 பேருக்கு மேல் செத்தார்கள். பீனிக்ஸில் மட்டும் 36 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர். அந்த நாட்களில் நம் போன்களில் சுற்றிய குரல் பதிவுகளை யாரும் மறந்திருக்க முடியாது. கூட்டம் வருகிறது, வீட்டைக் கொளுத்தப் போகிறார்கள் என்று பெயர் தெரியாத குரல்கள். அவற்றை நம்பித் தெருவில் தடுப்புப் போட்டவர்களில் எத்தனையோ பேர் சாதாரணக் குடும்பஸ்தர்கள். போலீஸ் வரவில்லை என்பது உண்மை. அந்தத் தோல்விக்குத் தேசிய அரசு பொறுப்பு. ஆனால் அந்தக் குரல்களை நாம் நம்பியதற்கு, வருஷக்கணக்காக அரசியல் என்ற பெயரில் நாம் வீட்டுக்குள் பேசியதும் எழுதியதும் காரணமில்லை என்று யார் சொல்ல முடியும்? கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவும் பம்பாயியும் பீனிக்ஸுக்குப் பக்கத்தில்தான் நாளைக்கும் இருக்கும். எழுதுகிறவருக்கு அந்த நினைப்பு இருந்தே ஆக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மாமாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தம்பிக்குத் தெரியுமா? 1984இல் வெள்ளையர் ஆட்சி பாராளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்துத் தேர்தல் நடத்தியபோது, பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மற்றவர்களைப் போகாமல் நிறுத்தியதில் யூடிஎஃப்புக்கும் நட்டால் இந்தியன் காங்கிரஸுக்கும் பெரிய பங்கு உண்டு. பக்கம் எடுத்தவர்களால்தான் அது நடந்தது. அப்போது நடுநிலை பேசியவர்களை மாமா இன்னும் மன்னித்திருக்க மாட்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எதிரில் இருந்தது வெள்ளையர் ஆட்சி. இன்றைக்கு எதிரில் இருப்பது நாமே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த கூட்டணி. அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும்.

தம்பியிடம் என்ன சொல்ல என்று கேட்டீர்கள். இதைச் சொல்லுங்கள். மாகாண பட்ஜெட்டை எடுத்து, கல்வித்துறைக்கு நிதித்துறை எவ்வளவு ஒதுக்கியது, அது போதுமா, போதாவிட்டால் தம் கட்சி அமைச்சர் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். டிஏ ஆதரவாளர் என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளட்டும். ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே வெளியிடுகிறேன். மாமாவும் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதே மாதிரி ஒன்று எழுதினால் அதையும் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா
டர்பன்