இஞ்சி பீரின் முதல் ஜாடி: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் சேர்த்து உறை வைத்து நான்கு நாள் ஆகிறது. நுரையே இல்லை. கொட்டிவிடலாமா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: பொறுங்கள், அம்மா. இஞ்சியைத் தோல் சீவித் துருவியதாகவும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பெரும்பாலும் இஞ்சித் தோலில்தான் ஒட்டியிருக்கிறது. அதைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சமிருந்ததையும் குளோரின் கலந்த நீரில் நனைத்தால் உறை எப்படி எழும்பும்? மண் போகக் கழுவிய இஞ்சியைத் தோலோடு துருவி, அதே ஜாடியில் நாள்தோறும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும், கொதிக்க வைத்து ஆறிய நீர் சிறிதும் சேர்த்து வாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் உயிர் வந்துவிடும். ஜாடியைக் காதருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நுரை கண்ணுக்குத் தெரியுமுன்பே மெல்லிய சரசரப்பு காதுக்குக் கேட்கும்.

கேள்வி: அடியில் வெள்ளை வண்டல், மேலே வெள்ளை ஏடு. கெட்டுவிட்டதா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வண்டல் இஞ்சியின் மாவுச்சத்தும் ஈஸ்டும்தான், கவலை வேண்டாம். ஏடு தட்டையாகவும் சுருக்கம் விழுந்தும் இருந்தால் அது காட்டு ஈஸ்ட். வழித்து எறிந்தால் போதும், சுவை மட்டும் சற்று மங்கும். பஞ்சுபோல் மேலெழும்பி, பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி வைத்திருந்தால் அது பூஞ்சணம். மேலாக எடுத்துவிட்டு அடியில் உள்ளதைக் காப்பாற்ற நினைக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டு, சர்க்கரை எவ்வளவு மீதி என்று காட்டும் கருவி) வாங்கிக் காலையும் மாலையும் அளந்து பார்க்கிறேன். சரிதானா? (ராயபுரம் வாசகர்)

பதில்: ஆர்வம் புரிகிறது, ஐயா; ஆனால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தெருப் புழுதிக்கு வழிவிடுகிறீர்கள். அந்தக் கருவிகளில் பல 20 டிகிரி செல்சியஸுக்கு அளவுபடுத்தப்பட்டவை. 32 டிகிரி சூட்டில் உள்ள கரைசலில் 1.040 என்று காட்டினால் உண்மையான அளவு ஏறத்தாழ 1.043. பார்லி பீர் காய்ச்சுவோர் இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது என்பார்கள். இஞ்சி பீரையோ சர்க்கரை மீதியிருக்கும்போதே குடிக்கிறோம். ஆகவே சுத்தமான கரண்டியால் நாளுக்கு ஒருமுறை சுவைப்பதே போதும். சுவைத்த கரண்டி மறுபடி ஜாடிக்குள் போகக் கூடாது.

கேள்வி: இது சட்டப்படி சரியா?

பதில்: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 வீட்டில் மது தயாரிக்க இடம் தருவதில்லை, பார்லி பீர் பற்றிய கேள்விகளை நான் ஒதுக்கிவிடுவது அதனால்தான். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தையே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் மதுபானம் என்கின்றன. இஞ்சி பீரும் நாள் கூடினால் அந்த வரம்பைத் தாண்டக்கூடியது. பேக்கரி ஈஸ்ட் சேர்க்காதீர்கள். வாயு ஏறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தகரக் கூரை வீடு. கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கலாமா? கோலி சோடா பாட்டில் உதவுமா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: கோலி சோடா பாட்டிலை ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் வடிவமைத்ததே வாயுவை அடைப்பதற்குத்தான், ஆனால் அதைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தத்தோடு நிரப்பினால்தான் கோலி கழுத்தில் போய் உட்காரும், வீட்டில் அது கைகூடாது. சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலோ வெடிக்கும். நான் முதன்முதலில் அடைத்தது ஒரு மே மாதம், பரணில் வைத்தேன், இரண்டாம் இரவே வெடித்தது. சில்லுகளைப் பொறுக்கி முடித்த பிறகும் மூன்று நாள் எறும்பு ஊர்ந்தது. கழுவிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலில், வாயிலிருந்து நான்கு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். காலையும் மாலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். முதல் நாள் குழையும். கல்போல் விறைத்த அன்றே குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். உங்கள் கூரையின் கீழ், கோடையில், அது ஒரே நாளில் நடந்துவிடலாம். பலர் ஈரத்துணி சுற்றச் சொல்வார்கள். கடற்காற்றின் ஈரப்பதத்தில் துணி எளிதில் உலராது, ஆகவே குளிர்ச்சியும் குறைவுதான். தண்ணீர் நிரப்பிய அகலமான வாளிக்குள் பாட்டிலை நிறுத்தி, வீட்டில் வெயில் படாத தரை மூலையில் வையுங்கள். குளிர்ந்த பிறகே, பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் பிடித்துக்கொண்டு, மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.